நான் அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறேன், மனைவி இந்தியாவில் விசாவுக்குக் காத்திருக்கிறார். சேர்ந்து வரி தாக்கல் செய்ய அவருக்கு ஐடின் எண் (சமூகப் பாதுகாப்பு எண் பெற முடியாதவர்களுக்குத் தரப்படும் அமெரிக்க வரி அடையாள எண்) வாங்குவது எப்படி?

முதலில் ஒன்று: உங்கள் மனைவியின் ஒரிஜினல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பாதீர்கள். அனுப்பலாம் என்று விதி இருக்கிறதுதான். ஆனால் ஐடின் விண்ணப்பத்துக்கு வழக்கமாக 7 வாரம், வரி சீசனிலோ வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தாலோ 9 முதல் 11 வாரம் என்று அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸே சொல்கிறது. அதற்குள் விசா நேர்காணல் தேதி வந்துவிட்டால் கையில் பாஸ்போர்ட் இருக்காது. நோட்டரி சான்றிட்ட நகலையும் ஏற்க மாட்டார்கள்.

இதற்காகவே ஐஆர்எஸ் அங்கீகரித்த சிஏஏ முகவர்கள் இருக்கிறார்கள். ஐஆர்எஸ் தளத்தில் நாடுவாரியாகப் பட்டியல் உண்டு. ஒரிஜினலைப் பார்த்து, சரிபார்த்ததாகச் சான்று கொடுத்து, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். என் மனைவிக்கு அப்படித்தான் வாங்கினோம். கட்டணம் உண்டு, ஆனாலும் நான் இதையே சொல்வேன்.

அப்புறம், சேர்ந்து தாக்கல் செய்வது லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-க்கு நிலையான கழிவு (வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் தொகை) தம்பதிக்கு 29,200 டாலர், தனித்தனியாகச் செய்தால் 14,600. பெரிய வித்தியாசம்தான். ஆனால் சேர்ந்து செய்தால் மனைவியின் இந்தியச் சம்பளம், எஃப்டி வட்டி எல்லாவற்றையும் அமெரிக்காவில் காட்டியாக வேண்டும். அங்கே கட்டிய வரிக்கு இங்கே வரவு கேட்கலாம். அவருக்கு வருமானமே இல்லையென்றால் யோசிக்காமல் சேர்ந்தே தாக்கல் செய்யலாம். மனைவியை அமெரிக்கவாசியாகக் கருதிச் சேர்ந்து தாக்கல் செய்யும் இந்தத் தேர்வைப் பின்னால் ஒருமுறை கைவிட்டுவிட்டால், நீங்கள் இருவரும் மறுபடி எப்போதும் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

சரி, காகிதங்கள். ஐடின் விண்ணப்பமான டபிள்யூ-7 படிவத்தில் காரணம் ‘இ’ கட்டம், மனைவியின் கையெழுத்து. வரி தாக்கல் படிவமான 1040-இல் அவருடைய எஸ்எஸ்என் (சமூகப் பாதுகாப்பு எண்) இடத்தைக் காலியாக விட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். மனைவியையும் அமெரிக்கவாசியாகக் கருதும்படி அமெரிக்க வரிச் சட்டத்தின் 6013(ஜி) பிரிவின்கீழ் ஒரு அறிக்கை எழுதி, அதிலும் இருவரும் கையெழுத்திடுங்கள். தாள்கள் இந்தியா போய் வர நாளாகும் என்பதால் பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். நேரம் போதாது என்றால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம், வரிப் பணத்தை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே உறையில், டெக்சஸ் ஆஸ்டினில் உள்ள ஐடின் பிரிவின் முகவரிக்கு அனுப்புங்கள். 1040-க்கான வழக்கமான முகவரிக்கு அல்ல.

மனைவி இங்கே வந்து எஸ்எஸ்என் வாங்கியதும் ஐடினைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, ஐஆர்எஸ்ஸுக்குக் கடிதம் எழுதிப் பழைய கணக்கை இணைக்கச் சொல்லுங்கள்.