பெயர் எழுதாத மாத்திரை உறை

கொடிகாமத்திலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "நான்கு மாதங்களுக்கு முன்னர் ஓர் இரவு, காய்ச்சலும் காதுவலியுமாக இருந்த அம்மாவை யாழ். நகரிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசென்றேன். அம்மாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று தாதியிடம் சொன்னேன். பாமசி பூட்டியிருந்தது. வைத்தியர் பார்த்த பிறகு, தாதியே மாத்திரைகளை வெள்ளை உறையில் போட்டு, 'காலை 1, இரவு 1' என்று மட்டும் எழுதித் தந்தார். வீட்டில் முதல் மாத்திரை போட்டதும் அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சுமுட்டியது. அரசாங்க வைத்தியசாலையில் இரண்டு நாள் விடுதியில் இருந்தார். மாத்திரையைப் பார்த்த அங்குள்ள வைத்தியர், அது கோ-அமொக்சிகிளேவ் என்றார். தனியார் வைத்தியசாலையோ, 'அவசரப் பிரிவில் அப்படித்தான் கொடுப்போம், நீங்கள் கையெழுத்தும் வைத்திருக்கிறீர்கள்' என்கிறது. நான் என்ன செய்யலாம்?"

சகோதரி, முதலில் அந்த உறையையும் மிச்ச மாத்திரைகளையும் பத்திரப்படுத்துங்கள். திருப்பிக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். இருபுறமும் படம் எடுத்து வையுங்கள். கோ-அமொக்சிகிளேவில் உள்ள அமொக்சிசிலின் பெனிசிலின் குடும்பத்து மருந்து. உறையில் பெயர் இருந்திருந்தால், நீங்களோ அயலில் மருந்து தெரிந்த ஒருவரோ அதைக் கண்டுபிடித்திருக்கலாம். அந்த வாய்ப்பையே உங்களிடமிருந்து பறித்துவிட்டார்கள்.

அவசரம் என்று அவர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். உயிர் போகும் நேரத்தில் வைத்தியரின் கட்டளைப்படி தாதி ஊசி போடுவதும், கட்டிலருகே மருந்து கொடுப்பதும் அவருடைய கடமை. வீட்டுக்குக் கொண்டுபோக மருந்து கட்டிக் கொடுப்பது வேறு வேலை. அது இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற மருந்தாளருக்கு உரியது. தன் நோயாளிக்கு வைத்தியர் தாமே மருந்து கொடுப்பதும் இங்கே நடைமுறையில் உண்டு. ஆகவே "வைத்தியர் சொல்லித்தான் தாதி கொடுத்தார்" என்று அவர்கள் வாதாடக்கூடும். வாதாடட்டும். அப்போது ஒவ்வாமையைக் கேட்காத, அல்லது கேட்டும் கவனிக்காத பொறுப்பு வைத்தியரின் தலையில் விழும். தாதி ஊழியர் என்பதால் நிறுவனமும் தப்ப முடியாது. மேலும், அம்மா வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்ட கணத்திலேயே அவசரம் முடிந்துவிட்டது. நோயாளியின் பெயரையும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுத அரை நிமிடம் போதும்.

கையெழுத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சிகிச்சைக்குச் சம்மதித்தீர்கள், கவனயீனத்துக்கு அல்ல.

ஆனால் வழக்கின் கடினமான இடம் ஒன்று இருக்கிறது. குழந்தை வைத்தியரான பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிராக, தன் குழந்தையை இழந்த ஆர்சகுலரத்ன என்ற தந்தை தொடுத்த வழக்கில் 2001 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வைத்தியர் கவனயீனமாக இருந்தார் என்று கண்ட பின்னரும், அதனால்தான் குழந்தை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, தந்தைக்கு நட்டஈடு இல்லை என்றது. எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தத் தீர்ப்பை விளக்கிச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனம் கனத்துத்தான் சொல்கிறேன். தவறு நடந்தது என்பது மட்டும் போதாது, அந்தத் தவறால்தான் அம்மாவுக்குப் பாதிப்பு வந்தது என்றும் காட்ட வேண்டும்.

உங்களுக்கு அது இயலும். அரசாங்க வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டையில் மருந்து ஒவ்வாமை என்று எழுதப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். விடுதிக் குறிப்புகளின் பிரதிகளைப் பணிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அம்மாவின் பெயரிலேயே தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். தனியார் வைத்தியசாலையிடம் அன்றிரவுக் குறிப்புகளின் பிரதியைப் பதிவுத் தபாலில் கேளுங்கள். பதிலே வராவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குத் தபால் பற்றுச்சீட்டு சாட்சி. தாதியிடம் ஒவ்வாமை பற்றிச் சொன்னபோது கூட இருந்தவர் யாராவது உண்டென்றால், நினைவு மங்கும் முன்னர் அவரிடம் சத்தியக் கடதாசி எடுத்துவிடுங்கள். அம்மாவின் பழைய கிளினிக் கொப்பியில் பெனிசிலின் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தால், அதைப் போன்ற நல்ல சான்று வேறில்லை.

வைத்தியர் மீதான முறைப்பாடு மருத்துவ சபைக்குப் போக வேண்டும். நிறுவனத்தின் மீதானது, 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவைக்குப் போக வேண்டும். இவை ஒழுக்காற்றுக்கும் பதிவுக்கும் உரியவை. நட்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம்தான். காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இத்தகைய வழக்கைச் சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது என்று நம்பிக் காத்திருந்து காலம் கடந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படிக் காத்திருக்காதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். நோய் நிர்ணய அட்டை, பற்றுச்சீட்டுகள், அந்த வெள்ளை உறை மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.