சாரல் மாதக் கேள்விகள்: குமுளி முதல் பீருமேடு வரை

இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் இந்த இடுக்கி மலையில் வெயில் முகம் காட்ட ஆவணி ஆகிவிடும். வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே மூட்டத்தையும் சாரலையும் பற்றித்தான்.

அக்கா, தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் தொட்டியில் வைத்த தக்காளி நெட்டையாகப் போகிறது, இலையும் மஞ்சளாகி உதிர்கிறது. தினமும் தண்ணீர் விடுகிறேன். குளிர் தாங்கவில்லையோ? (வண்டிப்பெரியாறு)

குளிர் மேல் பழி போடாதீர்கள் தங்கச்சி. நம் ஊர்க் குளிர் தக்காளியைக் கொல்லாது, தண்ணீர்தான் கொல்கிறது. வெயில் இல்லாத நாளில் செடி குடிப்பது மிகக் குறைவு. மண் ஊறியே கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும், இலை மஞ்சளாவது அதனால்தான். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நெட்டையாவது வெளிச்சத்தைத் தேடித்தான். இப்போது யூரியா போட்டால் இன்னும் மெலிந்து நீளும். மலையாளத்தில் மழமறை என்பார்களே, அதைப் போட முடியுமா பாருங்கள்: நான்கு கம்பு, மேலே தெளிவான பாலித்தீன் தாள், பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். தக்காளியின் கருகல் நோய்க்கு நனைந்த இலைதான் வாசல். கூரை இல்லாமல் இந்த மாதங்களில் நான் தக்காளி வைப்பதே இல்லை. அந்த இடத்தில் சேம்போ சௌசௌவோ வைப்பேன்.

போன ஆடியில் ஒரு மிளகுக்கொடி பத்தே நாளில் இலை கொட்டிப் பட்டுப்போனது. மீதி மூன்றையாவது காப்பாற்ற வேண்டும். (குமுளி)

வளர்த்த கொடி கண்ணெதிரே போவது பெரிய வேதனை, எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வாடல் நோய். பைட்டோப்தோரா என்ற கிருமி மண்ணில் இருக்கும். மழைத்துளி தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறும், தேங்கிய நீரில் வேரிலிருந்து வேருக்குப் போகும். அதனால் முதல் வேலை வடிகால். தரையில் படரும் ஓடுகொடிகளை வெட்டிவிடுங்கள் அல்லது தூக்கிக் கட்டுங்கள். பட்ட கொடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், குப்பைக்குழிக்கு வேண்டாம்.

அப்புறம் போர்டோ கலவை என்ற நோய்த் தடுப்பு மருந்து. 10 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் ஐந்தைந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். சுத்தமான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கலந்த அன்றே அடித்துவிட வேண்டும். மழை பிடிக்கும் முன் ஒரு முறை, ஆடி-ஆவணியில் ஒரு முறை. துத்தம் விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

நீலமாகப் பூத்த ஹைட்ராஞ்சியா, புதுச் சுவர் கட்டிய பிறகு ரோஸ் நிறமாகிவிட்டது! (பீருமேடு)

நோய் இல்லை. நம் தேயிலை மண் புளிப்பு மண். அதில் அலுமினியம் வேருக்கு எளிதாகக் கிடைக்கும், அதுதான் நீலத்தைத் தருகிறது. சிமென்ட் சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு அந்தப் புளிப்பைக் குறைத்துவிட்டது. சுவரை விட்டுத் தள்ளி ஒரு குச்சி நட்டால் நீலம் திரும்பும். ஆனால் பக்கத்தில் காய்கறி போட்டால் அதற்கு இந்தப் புளிப்பு ஆகாது, சுண்ணாம்பு இட வேண்டும். எவ்வளவு என்பதற்கு மண்ணைச் சோதித்துக் கொள்ளுங்கள், கிருஷி பவனில் (கேரள அரசின் வேளாண் அலுவலகம்) கேட்டால் வழி சொல்வார்கள்.

ஆப்பிரிக்க நத்தை ஒரே இரவில் கீரையை மொட்டையடிக்கிறது. உப்புத் தூவலாமா? (ஏலப்பாறை)

பாத்தியில் தூவாதீர்கள், மண் கெடும். அந்தியில் ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளி இலையைப் போட்டு வையுங்கள், அங்கே வந்து கூடும். விடியுமுன் பொறுக்கி, வாளியில் கரைத்த உப்புநீரில் போட்டு, தள்ளிக் குழி தோண்டிப் புதையுங்கள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். மூளையைத் தாக்கும் ஒரு புழுவை இந்த நத்தை சுமக்கக்கூடும். கீரையையும் நன்றாகக் கழுவி வேகவைத்தே சாப்பிடுங்கள்.

கறிவேப்பிலை துளிர்க்கவே இல்லை. உரம் போடட்டுமா? (வண்டன்மேடு)

வேண்டாம். குளிரில் அது தூங்குகிறது. மாசியில் வெயில் ஏறியதும் நுனியைக் கிள்ளிவிட்டு, அப்போது ஒரு கூடை சாணி எரு வையுங்கள்.