ஐந்து கோட்டை வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். டிசம்பரில் நாகர்கோவிலிலிருந்து மாமனாரும் (67 வயது) மாமியாரும் வருகிறார்கள். கூட வேலை பார்க்கும் மராத்தி நண்பருக்கு மஹாட் பக்கம் மலையடிவாரத்தில் சொந்த ஊர். "மூன்று நாள் எங்கள் வீட்டில் தங்குங்கள், நானே கூட வருகிறேன்" என்கிறார். ராய்கட், பிரதாப்கட், ராஜ்கட், சின்ஹகட், லோஹகட் ஐந்தையும் காரில் பார்த்துவிட ஆசை. முடியுமா? பெரியவர்களைக் கோட்டைக்கு மேலே அழைத்துப் போகலாமா? நண்பர் வீட்டில் என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: முடியாது. அடம்பிடித்து முடித்தாலும் உங்கள் மாமனாருக்கு ஞாபகம் இருக்கப்போவது முழங்கால் வலியும் தைல வாசனையும்தான். பட்டியலில் மூன்றை இப்போதே அடித்துவிடுங்கள். ராஜ்கட் கால் வலுவுள்ளவர்களுக்கே இரண்டு மூன்று மணி நேர ஏற்றம். சின்ஹகட்டும் லோஹகட்டும் புனே பக்கம். லோனாவாலா வரை ரயில், அங்கிருந்து லோக்கலில் மளவலி என்று லோஹகட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் போய் வரலாம். மிச்சமுள்ள ராய்கட், பிரதாப்கட் இரண்டும் நண்பர் ஊரிலிருந்தே போய்த் திரும்பும் தூரம்.

முதல் நாள் விடிகாலை 5 மணிக்குக் கிளம்புங்கள். வாஷி, பன்வேல், பேண், மாண்காவ், மஹாட்: சுமார் 160 கி.மீ. மும்பை–கோவா ஹைவே வேலை பத்து வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. சிமென்ட் ரோடு வழவழவென்று போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு டைவர்ஷன் வரும். அதை இருட்டில் சந்திக்க வேண்டாம். 5 மணிக்குக் கிளம்பினால் பேண் தாண்டும்போது விடியத் தொடங்கியிருக்கும். அன்று வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெயில் தாழ்ந்ததும் மஹாட் ஊருக்குள்ளேயே சவ்தார் குளத்தைப் பாருங்கள். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தீண்டாமையை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்களோடு போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்த குளம் அது.

இரண்டாம் நாள் முழுக்க ராய்கட்டுக்கு. படிகள் 1,700-க்கு மேல், ஆனால் ரோப்வே இருக்கிறது. காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள், சனி ஞாயிறு என்றால் வரிசை மணிக்கணக்கில் நீளும். ரோப்வே கிளம்பும் இடத்தின் பெயர் ஹிரகணிவாடி. கோட்டைக்குப் பால் விற்க வந்த ஹிரகணி, சாயங்காலம் கதவு அடைத்துவிட்டதால், வீட்டில் கிடந்த கைக்குழந்தைக்காகச் செங்குத்துப் பாறையில் இறங்கிப் போனாள் என்று கதை. அவள் இறங்கிய இடத்தில் சிவாஜி மஹாராஜ் கட்டிய கொத்தளம் என்று இன்றும் காட்டுகிறார்கள். இந்தக் கதையை உங்கள் நண்பர் சொல்லிக் கேளுங்கள், நான் சொன்னதைவிட நீளமாக இருக்கும்.

மேலே இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். உச்சியே ஒரு சின்ன ஊர் அளவுக்கு விரிந்து கிடக்கிறது. 1674 ஜூன் 6 அன்று மஹாராஜின் முடிசூட்டு விழா நடந்த தர்பார் பக்கம்தான். மாமனாரை அரியணை மேடையருகே நிறுத்திவிட்டு, நீங்கள் எதிரே நகார்கானா (முரசு மண்டபம்) வாசலில் நின்று மெதுவாக ஏதாவது பேசுங்கள். நடுவே சுமார் 200 அடி. அங்கே கேட்கும். கோடைக் கூட்டத்தில் இதைச் செய்ய முடியாது, டிசம்பர் காலையில் முடியும். அங்கிருந்து கடைத்தெருவைத் தாண்டி ஜகதீஷ்வர் கோயிலும் மஹாராஜின் சமாதியும் தள்ளி இருக்கின்றன. மாமனார் களைத்திருந்தால் யாராவது ஒருவர் அவரோடு நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். சமாதிக்கு முன் செருப்பைக் கழற்றிவிட வேண்டும்.

ஒரு விஷயம்: நமக்கு சிவாஜி என்றால் முதலில் கணேசன். (அவருக்கே அந்தப் பெயர் மேடையில் மஹாராஜாக நடித்ததால் வந்ததுதான்.) இங்கே மொட்டையாக 'சிவாஜி' என்று சொன்னால் முகம் சுருங்கும். 'மஹாராஜ்' என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நாகர்கோவில்காரருக்கு இன்னொரு கதையும் பிடிக்கும். 1689-இல் மொகலாயப் படை இந்த மலையை வளைத்தபோது, மஹாராஜின் இளைய மகன் ராஜாராம் தப்பிப் போய்ச் சேர்ந்த இடம் நம் செஞ்சி. ராய்கட்டைப் பிடித்த மொகலாயத் தளபதி சுல்ஃபிகர் கானே அங்கேயும் போய் முற்றுகையிட்டார். 1698 வரை இழுத்தது. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. உங்களுடைய இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு.

மூன்றாம் நாள் போலாத்பூர் வழியாக அம்பேனளி காட் மலைப்பாதையில் ஏறி பிரதாப்கட். மஹாட்டிலேயே டாங்கை நிரப்பிவிடுங்கள். வளைவுக்கு வளைவு ஹார்ன், ஏறி வரும் வண்டிக்கு வழி, இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, கருகிய வாசனையோடு ஓரம்கட்டி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது என் சொந்த அனுபவம். மாமியாருக்குத் தலைசுற்றல் உண்டென்றால் முன் சீட்டைக் கொடுத்துவிடுங்கள். கோட்டைக்குப் பக்கம் வரை கார் போகும். அப்புறமும் படிகள் உண்டு, நின்று நின்று ஏறலாம். பார்த்துவிட்டு அதே வழியில் மும்பை திரும்புங்கள். மஹாபலேஷ்வர் பக்கம்தானே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். போனால் ஓர் இரவு கூட்ட வேண்டும்; கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அந்தப் பக்கமே வேண்டாம்.

இனி நண்பர் வீடு. பெரும்பாலானவர்கள் சொதப்புவது இங்கேதான். முதலில் கூச்சப்படாமல் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரவு மட்டும் மஹாட்டில் ஒரு லாட்ஜ், பகலெல்லாம் வீடு. சாப்பாட்டைப் பற்றியும் முன்பே பேசுங்கள். விருந்தாளி என்றால் நாட்டுக்கோழி அடிப்பார்கள், நீங்கள் சைவம் என்று இலையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் அந்த வீட்டுப் பெண்களுக்குச் சங்கடம். டிசம்பரில் மார்கசீர்ஷ மாதம் நடந்துகொண்டிருந்தால் வியாழக்கிழமை அவர்களே மகாலட்சுமி விரதம் என்று கறி தொடாமல் இருக்கலாம். வழியில் ஹோட்டலில் வயிற்றை நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். ஒருமுறை நான் அப்படிப் போய் நின்றபோது, நண்பரின் பாட்டி ஒன்றும் சொல்லாமல் விறகடுப்பிலிருந்து கல்லை இறக்கி வைத்தார். கொங்கண் பக்கம் அரிசி மாவு பாக்ரி (ரொட்டி). ஈரக் கையால் தட்டிக் கல்லில் போடுவார்கள். உங்கள் மாமியார் பார்த்தவுடன் "இது நம்ம ஒறட்டிதானே" என்பார்.

பணம் நீட்டாதீர்கள். பெட்ரோல், டோல், ரோப்வே டிக்கெட் எல்லாம் உங்கள் கணக்கு என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். கையில் மாட்டுங்காவிலிருந்து காபிப் பொடி, நாகர்கோவில் நேந்திரங்காய் சிப்ஸ். புறப்படும்போது உங்கள் மனைவிக்கும் மாமியாருக்கும் குங்குமம் வைத்து, முந்தானையில் தேங்காயும் ரவிக்கைத் துணியும் போட்டு 'ஓட்டி' நிரப்புவார்கள். நம் தாம்பூலம் மாதிரிதான். "எதற்கு இதெல்லாம்" என்று மறுக்காமல் முந்தானையை விரித்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.