அழுகை நின்று அமைதியானால் தேறிவிட்டாள் என்று அர்த்தமா?

கேள்வி: ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து என் மகள், "நான் ஒரு தண்டம், நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒரு மாதம் அழுதாள். நான்கு நாளாக ஒரே அமைதி. ஆசையாக வாங்கிய கொலுசைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். தேறிவிட்டாளா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்கு போனில் சொன்னதை, மற்ற பெற்றோருக்காக இங்கே எழுதுகிறோம்.

திடீர் அமைதியும் ஆசைப்பொருளைக் கொடுத்துவிடுவதும் சேர்ந்து வந்தால் அது ஆபத்து அறிகுறி. சாவதா வேண்டாமா என்ற உள்போராட்டம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாலும் மனம் இப்படி அடங்கும். "நான் செத்த அப்புறமாச்சும் அப்பா புரிஞ்சுக்குவார்" என்று பிள்ளைகள் சொல்வதைக் கவனியுங்கள். அப்பா புரிந்துகொள்வதைப் பார்க்கத் தானும் அங்கே இருக்கப்போவதாக மனம் கற்பனை செய்கிறது. உடம்புதான் எதிரி, அது போனால் வலி போய்விடும், தான் மட்டும் மிஞ்சுவோம் என்ற இந்த நினைப்பைப் பேச்சுக்குக் கொண்டுவருவது, உளப்பகுப்பாய்வு என்ற பேச்சு சிகிச்சையின் (மனதின் அடியில் கிடப்பதைப் பேசிப் புரிந்துகொள்ளும் முறை) ஒரு முக்கிய வேலை.

"தண்டம்" என்ற சொல்லையும் விடாதீர்கள். மனச்சோர்வில் ஒருவர் தன்னையே திட்டிக்கொள்வது, பல நேரம் அவர் நேசிக்கும் இன்னொருவர்மேல் உள்ள கோபம் உள்ளே திரும்பியது என்று 1917-ல், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் ஃப்ராய்டு எழுதினார். வீட்டில் யாரைக் குற்றம் சொல்வது என்பதல்ல பேச்சு. அவளால் யார்மேல் கோபப்பட முடியவில்லை என்பதே கேள்வி.

முதலில் பாதுகாப்பு. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அகற்றுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அன்றைக்கே கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

மனநல மருத்துவர் பார்த்து, தேவையானால் மருந்தும் தொடங்கிய பிறகே பேச்சு சிகிச்சை. வாரம் ஒன்றிரண்டு முறை, ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிடம், பல மாதங்கள். சறுக்கல் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். கொஞ்சம் சிரித்ததும் "போதும்" என்று நிறுத்துவது ஒன்று. சிகிச்சையாளர் லீவில் போவது இன்னொன்று. கைவிடப்பட்டதாகத் தோன்றும் அந்த வாரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் உங்கள்மேல் எரிந்து விழுந்தால் பதறி நிறுத்திவிடாதீர்கள். உள்ளே போன கோபம் வெளியே வழி தேடுவதாக இருக்கலாம். சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: தற்கொலைக்கு முயற்சி செய்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகி, தண்டனை கிடைக்குமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது, வேறாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய வழக்கோ தண்டனையோ கிடையாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. போலீசுக்குப் பயந்து ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.