எவர்சில்வர், பழைய டிவி, மிட்டாய்க் குவியல்: கேள்வி பதில்

பத்து வருடமாகக் கலைக்கூடங்களில் புரொஜெக்டர் மாட்டுவது, ஒயர் இழுப்பது, ஸ்பீக்கருக்கு இடம் பார்ப்பது என் வேலை. வீடியோ கலை, நிறுவல் கலை (பொருள்களை ஓர் இடத்தில் அமைத்து, அந்த அமைப்பையே படைப்பாக்குவது) பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எங்கள் வீட்டுப் பரணிலும்தான் எவர்சில்வர் பாத்திரம் கிடக்கிறது. இறக்கி அடுக்கினால் அதுவும் கலையா?

சுபோத் குப்தாவை மனதில் வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பீகாரின் ககோல் ஊரைச் சேர்ந்த கலைஞர், 1964இல் பிறந்தவர். 2006இல் எவர்சில்வர் பாத்திரங்களைக் கோத்து ஒரு பிரம்மாண்டமான மண்டையோடு செய்தார். பெயர் 'வெரி ஹங்ரி காட்', அதாவது பெரும்பசிக் கடவுள். அடுத்த வருடம் அது வெனிஸில் பலாஸோ கிராஸி என்ற கலைக்கூடத்தின் வாசலில், கால்வாய்த் தண்ணீரை ஒட்டி உட்கார்ந்திருந்தது. தூரத்தில் பார்த்தால் மண்டையோடு. கிட்டே போனால் தூக்கு, தட்டு, குண்டான். எல்லாம் சோறு போடுகிற பாத்திரங்கள், எல்லாம் காலி. இந்த இரண்டு பார்வையும் ஒன்றையொன்று விடாமல் இழுக்கின்றன. உங்கள் பரண் பாத்திரம் அடுக்கிய பிறகும் பரண் பாத்திரமாகவே தெரிந்தால், அது நல்ல ஒழுங்கு. அம்மா சந்தோஷப்படுவார்.

இருபத்து நான்கு மணி நேரம் ஓடும் படம் ஒன்று இருக்கிறதாமே? யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி கிளாக்', 2010. சினிமாவிலும் டிவியிலும் கடிகாரம் தெரிகிற, அல்லது யாராவது மணி சொல்கிற துண்டுகளை உதவியாளர்களை வைத்துத் தேடியெடுத்து, ஏறக்குறைய மூன்று வருடம் வெட்டி ஒட்டினார். மொத்தம் சுமார் 12,000 துண்டுகள். முக்கியமான விஷயம், அது உள்ளூர் நேரத்தோடு ஓடுகிறது. மாலை 4.10க்கு உள்ளே போனால் திரையிலும் 4.10. நீங்கள் கையில் கட்டியிருக்கிற வாட்ச் தேவையில்லை, படமே கடிகாரம்.

நான் ஒருமுறை அரை மணி நேரம் பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். வெள்ளை சோஃபாக்கள், இருட்டு. மூன்று மணி நேரம் கழித்துத்தான் எழுந்தேன். கதை என்று எதுவுமில்லை. ஒருத்தர் கதவைத் திறப்பார். அடுத்த துண்டில் வேறு நாட்டில், வேறு காலத்தில், வேறொருவர் உள்ளே நுழைவார். ஒரு படத்தின் சத்தம் அடுத்த படத்துக்குள் கொஞ்ச தூரம் வழிந்துபோகும். தொழில் புத்தியால் நான் கவனித்தது அதைத்தான்: ஒட்டுவேலை நடப்பது காதில், கண்ணில் இல்லை. காலை ஏழு மணியை ஒட்டி அலாரங்கள் அடித்து எல்லோரும் எழுந்திருப்பார்கள், நண்பகல் நெருங்க நெருங்கப் பரபரப்பு ஏறும். 2011 வெனிஸ் பியன்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் இதற்காக அவருக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது.

யார் முழுசாகப் பார்ப்பார்கள் என்றால், அநேகமாக யாரும் இல்லை. பார்க்கவும் வேண்டாம். ஆனால் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டுக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்தவர் படத்தை வெட்டினால் காப்புரிமைப் பிரச்சினை வராதா, மேடம்?

வரலாம். மார்க்லே அனுமதி வாங்காமல்தான் செய்தார். அவருக்கு முன்னாலேயே டாரா பிர்ன்பாம் 1978–79இல் 'வொண்டர் வுமன்' டிவி தொடரை எடுத்து, நாயகி சுழன்று உடை மாறுகிற அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். ஆறு நிமிடம்கூட இல்லாத வீடியோ. தொடராகப் பார்க்கும்போது மாயாஜாலமாக இருந்த சுழற்சி, பத்தாவது முறை பார்க்கும்போது செக்குமாட்டுச் சுற்றாகிவிடுகிறது. நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் விமர்சனம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. அதற்குள் உங்கள் வேலை அடங்குமா என்று வக்கீலைக் கேளுங்கள், ஒயர் இழுப்பவளைக் கேட்காதீர்கள்.

குறும்படத்துக்கும் வீடியோ கலைக்கும் என்ன வித்தியாசம்?

கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். மார்த்தா ரோஸ்லர், 1975, 'செமியாடிக்ஸ் ஆஃப் தி கிச்சன்' (சமையலறையின் குறியியல்). கறுப்பு வெள்ளை, அசையாத கேமரா, சுமார் ஆறு நிமிடம். சமையல் நிகழ்ச்சி மாதிரி ஒரு பெண் மேசைக்குப் பின்னால் நிற்கிறார். ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பெயர் சொல்லிக் காட்டுகிறார். முதலில் ஏப்ரன், அப்புறம் கிண்ணம். ஐஸ் குத்தும் ஊசி வந்ததும் பலகையில் ஓங்கிக் குத்துகிறார். கரண்டியால் இல்லாத குழம்பை மொண்டு பக்கவாட்டில் வீசுகிறார். முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. கடைசி எழுத்துகளுக்குப் பொருள் இல்லை. கத்தியும் முள்கரண்டியும் பிடித்த கைகளாலேயே எழுத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, தோளைக் குலுக்கி முடித்துக்கொள்கிறார். ஒரு வாய்ச் சாப்பாடு சமைக்கப்படவில்லை. குறும்படமாக இருந்தால் அவருக்கு ஏன் கோபம் என்று யாராவது விளக்கியிருப்பார்கள்.

சுவரில் ஒட்டிய வாழைப்பழம்?

இத்தாலியக் கலைஞர் கட்டெலான், 2019. நல்ல ஜோக். 2024இல் 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, வாங்கியவர் தின்றுவிட்டார். ஜோக்கை இரண்டாவது முறை சொல்ல எனக்குப் பிடிக்காது.

பழைய டிவியை வைத்துச் செய்த படைப்பு, டிவி ரிப்பேர் ஆனால் என்ன ஆகும் தோழர்?

இது என் வயிற்றெரிச்சலைக் கிளப்பும் கேள்வி. நாம் ஜுன் பைக் என்ற கலைஞர், கொரியாவின் சியோலில் பிறந்தவர். 1988இல் 1,003 டிவிப் பெட்டிகளைக் கோபுரமாக அடுக்கி 'தி மோர் தி பெட்டர்' செய்தார். அக்டோபர் 3 கொரியாவின் தேசிய நாள், அதனால் அந்த எண்ணிக்கை. தென்கொரியாவின் குவாச்சோன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிக்சர் டியூப் டிவி சூடாகும், தேயும், உதிரிபாகம் கிடைக்காது. 2018இல் பாதுகாப்புக்காக அணைத்துவிட்டார்கள். பெரிய விவாதம்: தட்டைத் திரை மாட்டலாமா, அப்படியே விட்டுவிடலாமா? கடைசியில் 737 பெட்டிகளைப் பழுது பார்த்து, சரிசெய்ய முடியாத 266க்கு மட்டும் பழைய கூட்டுக்குள்ளேயே புதுத் திரை வைத்து, 2022இல் மறுபடி ஓடவிட்டார்கள். என்னைக் கேட்டால் சரியான முடிவு. அந்தப் பெட்டியின் தொப்பையும் படைப்பில் ஒரு பங்கு.

தொட்டுப் பார்க்கலாமா?

பெரும்பாலும் கூடாது. ஆனால் ஃபீலிக்ஸ் கோன்ஸாலஸ்-டோரஸ் 1991இல் செய்த ஒன்றில் எடுத்துத் தின்னவே செய்யலாம். அறை மூலையில் வண்ணக் காகிதம் சுற்றிய மிட்டாய்க் குவியல். குவியலுக்கு அவர் குறித்த இலட்சிய எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. எய்ட்ஸில் இறந்த தன் காதலர் ராஸின் உருவப்படம் என்று பெயர் வைத்தார். வருகிறவர்கள் ஒன்றொன்றாக எடுக்க எடுக்க எடை குறையும். காட்சிக்கு வைப்பவர்கள் மறுபடி நிரப்பலாம். கதை தெரியாமல் எடுத்தால் வெறும் மிட்டாய். தெரிந்த பிறகு வாயில் போடுவதற்குள் கை ஒரு கணம் நிற்கும்.

நான் கல்லூரி மாணவி. கேமரா இல்லை, போன்தான். எங்கே தொடங்குவது, அக்கா?

போன் போதும்மா. வீட்டில் தினமும் கைபடுகிற ஒரு பொருளை எடு: மிக்ஸி மூடி, எது வேண்டுமானாலும். போனை எங்காவது சாய்த்து வை, கையில் பிடிக்காதே. ஜூம் வேண்டாம், பின்னணி இசை கண்டிப்பாக வேண்டாம். அந்தப் பொருளை வைத்து ஒரே ஒரு வேலையைப் பத்து நிமிடம் செய். அப்புறம் சத்தத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பார். காட்சிக்கு வைக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் வீடியோவின் சத்தம் வருமா என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிடு. தரையில் போகிற ஒயரை டேப் போட்டு ஒட்டு; திறப்பு விழா அன்று யாராவது தடுக்கி விழுவார்கள், அது அநேகமாக நீயாகத்தான் இருக்கும்.