வளிமண்டல அழுத்தம் அன்றாட வாழ்க்கையில் எங்கே வேலை செய்கிறது? புத்தகத்தில் இல்லாத உதாரணம் சொல்ல முடியுமா?

கேள்வியைப் பார்த்தால் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது போலிருக்கிறது. இல்லையென்றால் நீங்களே ஏதாவது தேர்வுக்குப் படிக்கிறீர்கள். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பது, குக்கர் விசில், ஊட்டியில் பருப்பு வேக நேரமாவது, இந்த மூன்றையும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். என்னிடம் இருப்பது ஒரு மோட்டார். நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஒன்றரை ஹெச்பி. வாங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்ததில்லை. மோட்டார் மேல் குற்றமில்லை.

நான் 26 வருடம் அறிவியல் எடுத்தவள். டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே அட்டையை வைத்துக் கவிழ்த்து, "பாத்தீங்களா, காத்து தாங்குது" என்று வருடா வருடம் காட்டியவள். அப்படிப்பட்டவளே ஏமாந்தேன் என்பதால்தான் இந்தப் பதில். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

2019 கோடை. சென்னையில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, லாரிச் சத்தம் கேட்டால் தூக்கத்திலிருந்து எழுந்து குடத்தோடு ஓடிய வருடம். எங்கள் வீட்டில் 42 அடி உறைகிணறு. சாதாரணமாகப் பதினைந்து அடியிலேயே தண்ணீர் நிற்கும். கிணற்றடியில் ஒரு ஹெச்பி மோட்டார், பல வருடமாக ஓடுகிறது. ஏப்ரல் கடைசியில் மோட்டார் ஓடும், தொட்டியில் தண்ணீர் விழாது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன். 36 அடியில் தண்ணீர். அதற்குக் கீழே ஆறடி நிற்கிறது. கிணறு வற்றவில்லை, ஆனால் தண்ணீர் இல்லை!

பிளம்பர் வந்தார். சக்‌ஷன் பைப்பை நீட்டி, ஃபுட் வால்வை (பைப்பின் அடிமுனையில், ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற வால்வு) தண்ணீருக்குள் இறக்கினார். அப்படியும் வரவில்லை. "இழுவை பத்தல மேடம். ஒன்றரை போட்டா பிச்சிக்கிட்டு வரும்" என்றார். போட்டேன். பதினோராயிரத்துச் சொச்சம். லாரியில் பிடித்த தண்ணீரில் ஒரு குடத்தை மனசே இல்லாமல் பைப்பில் ஊற்றி சுவிட்சைப் போட்டோம். டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம். மோட்டார் உடம்பு சுட்டது. தண்ணீர் வரவில்லை. ஏர் பிடித்திருக்கிறது என்றார், வாஷரை மாற்றினார், ஃபுட் வால்வையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் ஒரு குடம் உள்ளே போனது.

மூன்றாம் நாள் தூர் வாருவதற்கு ஒரு பெரியவர் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். "அம்மா, தண்ணி இவ்ளோ உசரம் ஏறி மோட்டார் கிட்ட வராது. மோட்டார்தான் எறங்கித் தண்ணி கிட்டப் போகணும்" என்றார்.

அங்கேயே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொன்னது நான் நடத்திய பாடம்.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. பைப்பில் இருக்கிற காற்றை அது குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் வெளிக்காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ எடையோடு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காற்றுதான் தண்ணீரைப் பைப்புக்குள் மேலே தள்ளுகிறது. எவ்வளவு தூரம் தள்ளும்? அதன் எடைக்குச் சமமான எடை பைப்பில் நிற்கும்வரை. கடல் மட்டத்தில் அது 10.3 மீட்டர், அதாவது 34 அடி. அதற்கு மேல் ஒன்றரை இல்லை, ஐம்பது ஹெச்பி வைத்தாலும் தண்ணீர் ஏறாது. பைப்பின் உராய்வு, இணைப்புகளில் கசிவு எல்லாம் போக 25 அடி கிடைத்தாலே பெரிது. எனக்கு 36 அடி. மோட்டாரிடம் என்ன தப்பு?

இத்தாலியிலும் பம்புக்காரர்களுக்கு இதே தலைவலி இருந்தது. பத்து மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏற மறுக்கிறது என்பதை கலிலியோ 1638-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். தண்ணீர்த் தூண் தன் எடை தாங்காமல் கயிறு மாதிரி அறுந்துவிடுகிறது என்று நினைத்தார். அவருக்கே தப்பியது என்பதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல். 1643-இல் அவருடைய சீடர் டாரிசெல்லிதான் பாதரசத்தை வைத்து விடை கண்டார். காற்று தாங்கியதில் குழாயில் பாதரசம் 76 சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். 76-ஐ 13.6-ஆல் பெருக்குங்கள், 1033.6 சென்டிமீட்டர் வரும், அதே 10.3 மீட்டர். இந்தப் பெருக்கலை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஒரு தடவைகூட வீட்டுக் கிணற்றை நினைத்ததில்லை.

"ஜெட் பம்பு 80 அடியிலிருந்து எடுக்கிறதே" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: அது ஒரு பைப்பில் தண்ணீரைக் கீழே அனுப்பி, அந்த வேகத்தில் அடியிலிருந்து ஏற்றுகிறது. போர்வெல்லில் கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டு ஏற்றுகிறது. சப்மெர்சிபிள் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து தள்ளுகிறது. எல்லாமே கீழேயிருந்து வருகிற உதவி. மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற எதற்கும் 34 அடிதான்.

அப்புறம், நான் பாதரச பாரோமீட்டரை, அதாவது காற்றழுத்தமானியை, படத்தில் மட்டுமே காட்டியவள் என்பதையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த பள்ளியில் அருமையான ஒன்று இருந்தது, பீரோவுக்குள். சாவி தலைமையாசிரியர் மேஜையில். வெளியே எடுத்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும், உடைந்தால் சம்பளத்தில் பிடித்தம். எந்த டீச்சர் எடுப்பாள்? வருடம் ஒருமுறை ஆடிட்டுக்கு மட்டும் வெளியே வந்து, தூசு தட்டிக்கொண்டு உள்ளே போகும். 1792-லேயே நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டிய ஊர் இது. இந்த ஊர்ப் பிள்ளைகள் காற்றழுத்தமானியைத் தொடாமலே பத்தாவது முடித்தார்கள். பாதரசம் விஷம், பூட்டி வைத்ததே சரி என்பீர்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். பாதரசம் இல்லாத அனிராய்டு வகைக் காற்றழுத்தமானி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று நான் எழுதிக் கொடுத்த கடிதம் என்ன ஆனது?

இப்போது என் போனிலேயே அழுத்தமானி இருக்கிறது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் வந்த அன்று ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த எண் மணிக்கு மணி இறங்குவதைப் பார்த்தேன். எதிர் வீட்டு வேப்பமரம் சாய்வதற்கு முன்னாலேயே எண் சொல்லிவிட்டது. சூடான கடல் மேல் காற்று லேசாகி எழும்புகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, சுற்றியுள்ள காற்று அதை நோக்கிப் பாய்கிறது, பூமி சுற்றுவதால் சுழல்கிறது. டிவியில் "தாழ்வு மண்டலம்" என்று கத்துவதன் பொருள் இதுதான்.

ஆனால் ஒன்று, நீங்களும் போனில் பார்த்துவிட்டுப் பயப்படாதீர்கள். நம் பக்கத்தில் மேகமே இல்லாத நாளிலும் காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிக்குள் அழுத்தம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் (போன் காட்டுகிற அழுத்த அலகு) இறங்கும், இரவு பத்துக்குள் திரும்ப ஏறும். வெயில் உயரத்தில் இருக்கிற காற்றைச் சூடாக்குவதால் வருகிற அலை அது. என் நாத்தனார் ஒரு நாள் சாயங்காலம் போன் செய்து, "அண்ணி, பிரஷர் எறங்கிட்டே இருக்கு, மாடியில துணி எடுத்துடட்டுமா?" என்றாள். வெளியே சுள்ளென்று வெயில்.

கிணற்றுக்கு வருகிறேன். பெரியவர் இருபதாவது அடியில் உறைக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் அடித்து, பழைய ஒரு ஹெச்பி மோட்டாரையே அதன் மேல் இறக்கினார். காற்று இனிமேல் பதினாறு அடி தள்ளினால் போதும். அதற்கு மேல் மாடித் தொட்டிவரை ஏற்றுவது மோட்டாரின் சொந்த பலம், அதற்கு 34 அடிக் கணக்கு கிடையாது. சுவிட்சைப் போட்டதும் முதலில் செந்நிறத்தில் ஒரு செருமல், அப்புறம் தண்ணீர். நவம்பரில் ஊற்று ஏறியதும் மோட்டார் முழுகாமல் இருக்க அதே பெரியவரைக் கூப்பிட்டு மேலே தூக்கினோம்.

ஒன்றரை ஹெச்பியைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். வரும்போது கயிற்றில் கல்லைக் கட்டி உங்கள் கிணற்றை அளந்துகொண்டு வாருங்கள். 25 அடிக்கு மேல் என்றால் தர மாட்டேன்.