எஃபெக்ட்டை அணைத்துக் கேளுங்கள், அப்புறம் வாங்கலாம்

கேள்வி: லேப்டாப்பில் இசையமைக்கப் பழகி ஆறு மாதம் ஆகிறது. ஒரு சாஃப்ட்வேர் சிந்தசைசர் (கம்ப்யூட்டரிலேயே ஒலி உண்டாக்கும் மென்பொருள், சுருக்கமாக சிந்த்) மேல் கண் வைத்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் ப்ரீசெட் (தயாராக அமைத்து வைத்த ஒலிகள்) இருக்கிறது, வீடியோவில் கேட்டால் அசத்துகிறது. தள்ளுபடி இரண்டு நாளில் முடிகிறது. வாங்கிவிடலாமா?

பதில்: முடிகிற தள்ளுபடி மறுபடியும் வரும். ப்ளக்இன் (இசை மென்பொருளுக்குள் ஓடும் சிந்த் போன்ற துணை மென்பொருள்) விற்பவர்களிடம் தள்ளுபடி இல்லாத மாதத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது, அதனால் பதறாதீர்கள். முதலில் டெமோவை இறக்கி, உங்களை மயக்கிய அதே ப்ரீசெட்டைத் திறந்து, ரிவெர்ப், டிலே, கோரஸ் என்று ஒலிக்கு மேல்பூச்சு பூசும் எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஆர்ப்பெஜியேட்டர் (பிடித்த சுரங்களைத் தானாக ஒவ்வொன்றாக வாசிப்பது) ஓடினால் அதையும் நிறுத்திவிட்டு ஒரே ஒரு சுரத்தை அழுத்திப் பிடியுங்கள். இப்போது காதில் விழுகிறதே, அதுதான் அந்த சிந்தின் சொந்தக் குரல். நானும் வீடியோ பார்த்து ஒன்றை வாங்கினேன். வாங்கிய பிறகு எஃபெக்ட்டை அணைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு சா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை), ஒலியின் ஒரு பகுதியை வெட்டும் ஒரு ஃபில்டர், அவ்வளவுதான். என்னிடம் ஏற்கெனவே இருந்த இலவச சிந்திலேயே அது வரும்.

இலவசம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 2020இல் வந்த வைட்டல் என்ற சிந்தின் இலவசப் பதிப்பிலும் ஒலி உண்டாக்கும் பகுதி முழுசாகவே இருக்கிறது. காசு கொடுத்தால் கூடுவது பெரும்பாலும் ப்ரீசெட்டும் வேவ்டேபிளும் (அலை வடிவங்களின் தொகுப்பு) தான். சர்ஜ் என்ற சிந்த் ஒரு காலத்தில் காசுக்கு விற்ற சரக்கு, 2018இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது, இன்று சர்ஜ் எக்ஸ்டி என்ற பெயரில் வருகிறது. 1983இல் யமஹா கொண்டுவந்த டிஎக்ஸ்7 கீபோர்டு சிந்தின் மணியோசை வேண்டுமா, டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச சிந்த் இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வைட்டலில் ஒரு ஆசிலேட்டரில் (அலையை உண்டாக்கும் பகுதி) சா வேவ் வையுங்கள். உயர்ந்த ஒலிகளை வெட்டும் லோ பாஸ் ஃபில்டரின் கட்ஆஃபை (எங்கே வெட்டுவது என்ற அளவு) பாதிக்கும் கீழே இறக்கி, இரண்டாவது என்வலப்பை (ஒன்று நேரத்தோடு எப்படி ஏறி இறங்க வேண்டும் என்ற வடிவம்) இழுத்து அந்தக் கட்ஆஃபின் மேல் போடுங்கள். அட்டாக் (ஏறும் நேரம்) பூஜ்யம், டிகே (இறங்கும் நேரம்) 250 மில்லிசெகண்ட் அளவு, சஸ்டெயின் (பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு) பூஜ்யம். வாயைத் திறந்து சட்டென்று மூடுகிற மாதிரி ஒரு பேஸ் (தாழ்ந்த சுர) ஒலி கிடைக்கும். அதைப் பியானோ ரோலில் (சுரங்களைக் கட்டம் கட்டமாகப் போடும் திரை) 16 கட்டத்திலும் ஒரே சுரமாக நிரப்பினால் தையல் மெஷின் மாதிரிதான் ஓடும். சரி, இப்போது 4, 8, 13ஆம் கட்டங்களைக் காலி செய்யுங்கள், 7ஐ ஒரு ஆக்டேவ் ஏற்றுங்கள், வெலாசிட்டியையும் (சுரத்தை அழுத்தும் வேகம்) கட்ஆஃபில் இணைத்துவிட்டு 3க்கும் 11க்கும் அதைக் குறையுங்கள். சிந்தை மாற்றவே இல்லை, ஆனாலும் கால் தானாகத் தாளம் போடும். வீடியோவில் நீங்கள் கேட்டு அசந்ததில் பாதி இந்த வேலையாக இருக்கலாம், அது எந்த சிந்தோடும் பெட்டியில் வருவதில்லை.

இதையெல்லாம் ஒரு மாதம் செய்த பிறகு, 'எனக்கு இன்னது வேண்டும், என்னிடம் இருப்பதில் அது வரவில்லை' என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். 'ஒரு குரல் பதிவைப் பொடிப்பொடியாக உடைத்துப் பரப்ப வேண்டும்' என்பது காரணம். 'ப்ரீசெட் நிறைய' என்பது இல்லை.

கேள்வி: சந்தா நல்லதா, தவணை நல்லதா?

பதில்: இரண்டும் மாதம் பணம் பிடிப்பதால் ஒன்று போலத் தெரியும். தவணையில் கட்டி முடித்தால் சொந்தம், சந்தாவை நிறுத்தினால் சிந்தும் போச்சு. பழைய பாட்டைத் திறந்தால் அந்த ட்ராக் ஊமையாக நிற்கும். சந்தாவில் இருக்கிறவர்கள் ஒவ்வொரு பாட்டையும் முடித்ததும் சிந்த் ட்ராக்கை ஆடியோவாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது (சொந்தமாக வாங்கியவர்களும்தான், கம்ப்யூட்டர் மாறும்போது தெரியும்). பெரிய அப்டேட்டுக்கு மறுபடி காசு கேட்பார்களா என்பதையும் பாருங்கள். 2014இல் வந்த சீரம் என்ற சிந்தை வாங்கியவர்களுக்கு 2025இல் சீரம் 2 இலவசமாகவே கிடைத்தது. எல்லோரும் அப்படி இல்லை.

கேள்வி: ஒருவர் தன் சிந்த் லைசன்ஸை பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: தயாரித்த நிறுவனம் பெயர் மாற்றத்தை அனுமதிக்கிறதா, அதற்குக் கட்டணம் உண்டா என்று அவர்களிடமே எழுதிக் கேளுங்கள். சிலர் அனுமதிப்பார்கள், சிலர் அடியோடு மாட்டார்கள். வெறும் சீரியல் நம்பரையோ லாகின் பாஸ்வேர்டையோ தருகிறேன் என்றால் வேண்டாம், லைசன்ஸ் உங்கள் கணக்குக்கு வந்து சேர வேண்டும்.

கேள்வி: புது சிந்தைப் போட்டதும் சத்தம் பொரிகிறது. லேப்டாப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: கடைக்குப் போகும் முன் யூனிசனை (ஒரே சுரத்தைப் பல அலைகளாக அடுக்குவது) பாருங்கள். இரண்டு ஆசிலேட்டர், ஒவ்வொன்றுக்கும் 7 யூனிசன், நான்கு சுரக் கார்ட் என்றால் 56 அலைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. 7ஐ 3 ஆக்கினால் 24தான், பல நேரம் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்புறம் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டின் அளவு. சிறியதானால் தாமதம் குறையும், கம்ப்யூட்டருக்குச் சுமை கூடும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது சுமார் 3 மில்லிசெகண்ட். வாசித்துப் பதிவு செய்யும்போது அது தேவை. மவுஸில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது 512க்கு ஏற்றிவிடுங்கள், சுமார் 12 மில்லிசெகண்ட் தாமதத்தால் அங்கே ஒன்றும் கெட்டுப்போகாது. முடிந்த ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (ஆடியோவாக மாற்றி உறைய வைப்பது). இத்தனைக்கும் பிறகு பொரிந்தால் லேப்டாப்பைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: வாங்கிய சிந்த் என் மென்பொருளில் தெரியவே இல்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஆக்டிவேட் செய்துவிட்டால் பல நிறுவனங்கள் திருப்பித் தராது. ஆனால் முதலில் ப்ளக்இன் வடிவத்தைப் பாருங்கள். லாஜிக் என்ற இசை மென்பொருளில் ஏயு (AU) வடிவம் மட்டும்தான் ஓடும், ப்ரோ டூல்ஸில் ஏஏஎக்ஸ் (AAX) மட்டும். நீங்கள் விஎஸ்டி3 (VST3) என்ற வேறு வடிவத்தை மட்டும் இன்ஸ்டால் செய்திருக்கலாம், இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி மற்ற டிக்குகளையும் போட்டுப் பாருங்கள். உங்கள் மென்பொருளுக்கான வடிவமே அதில் இல்லை என்றால், அதைச் சொல்லி இன்றைக்கே எழுதுங்கள், நாள் தள்ளத் தள்ள உங்கள் பக்கம் பலவீனமாகும்.